முளைக்காத பாதி: கீழ்பவானிப் பாசனத்தில் ஒரு சோயா வயலின் கணக்கு

மாமாவின் வயலில் தை மாதம் விதைத்த சோயா, சித்திரை பிறப்பதற்குள் களத்துக்கு வந்துவிட்டது. இரண்டு ஏக்கர். தூற்றிச் சுத்தம் செய்து எடை போட்டால் 570 கிலோ. ஏக்கருக்கு மூன்று குவிண்டால்கூடத் தேறவில்லை. நம் நாட்டின் சோயா சராசரியே ஹெக்டேருக்கு ஒரு டன்னைச் சுற்றித்தான் நிற்கிறது. ஏக்கருக்கு நான்கு குவிண்டால் என்று வைத்துக்கொள்ளலாம். உலகச் சராசரி அதைப்போல இரண்டரை மடங்குக்கு மேல். மாமாவுக்கு இந்தச் சராசரிகள் எதுவும் வேண்டியிருக்கவில்லை. அதே வயலில் முன்பு போட்ட நிலக்கடலை என்ன கொடுத்தது என்பது அவருக்கு மனப்பாடம். அதோடு ஒப்பிட்டு, சாக்கின் வாயைக் கட்டிக்கொண்டே சொன்னார்: “செடி நன்றாகத்தான் வந்ததுங்க மாப்பிள்ளை. காய்தான் கைவிட்டுவிட்டது.”

அந்த வாக்கியத்தைப் பிடித்துக்கொண்டுதான் இந்த ஆய்வை எழுதுகிறேன். ஏனென்றால் அது தலைகீழ். வந்த செடி காய்க்கத்தான் செய்தது. வர வேண்டிய செடியில் பாதிக்கு மேல் வரவே இல்லை. வயலைச் சாலையிலிருந்து பார்த்தால் இது தெரியாது. குனிந்து எண்ணினால்தான் தெரியும். நானும் முதலில் குனியவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

நிலமும் தண்ணீரும்

வயல் ஈரோடு மாவட்டத்து நம்பியூர்ப் பக்கம், கீழ்பவானி வாய்க்கால் பாசனத்தில் இருக்கிறது. வெளியூர்க்காரர்களுக்காக ஒரு விளக்கம். பவானிசாகர் அணையிலிருந்து வரும் இந்த வாய்க்காலுக்கு 2,07,000 ஏக்கர் ஆயக்கட்டு, அதாவது பாசன நிலம். அதை இரண்டு பாதியாகப் பிரித்திருக்கிறார்கள். ஒரு பாதிக்கு ஆடி, ஆவணியில் திறந்து நெல்லுக்குத் தண்ணீர். மறு பாதிக்குத் தையில் திறந்து புஞ்சைப் பயிருக்குத் தண்ணீர். அடுத்த ஆண்டு முறை மாறும். புஞ்சை முறையில் தண்ணீர் தொடர்ந்து வராது. விட்டு விட்டு ஐந்து நனைப்பு, அவ்வளவுதான். ஆகவே ஒரே வயல் ஓர் ஆண்டு நெல்லுக்குச் சேறாகிக் கிடக்கும், மறு ஆண்டு கடலைக்கோ எள்ளுக்கோ காய்ந்து கிடக்கும். சோயாவைப் பற்றிப் பேசும்போது இந்த முறைமாற்றம் முக்கியம். ஏன் என்று பிறகு வருகிறேன்.

மண் செம்மண், மணல் கலந்தது. மேட்டில் பொலபொலவென்று இருக்கும். பள்ளத்து மூலையில் இரண்டு அடி தோண்டினால் சுக்கான் கல் வரும். அந்த மூலையை மாமா “சுண்ணாம்புக் காடு” என்பார்.

கடலையை விட்டுச் சோயாவுக்கு ஏன் வந்தார் என்றால், காரணம் விலை அல்ல, பன்றி. காட்டுப்பன்றி கடலைக் காட்டுக்குள் ஓர் இரவு இறங்கினால் உழுது போட்டதுபோல் ஆக்கிவிடும். சோயாவின் காய் மண்ணுக்கு மேலே இருக்கிறது. கிளறி எடுக்க எதுவும் இல்லை. கடலை பிடுங்கவும் காய் ஆயவும் ஆள் கிடைப்பதில்லை என்பது இரண்டாவது காரணம். மூன்றாவது காரணத்தைக் கொங்கு நாட்டில் டீக்கடைக்கு டீக்கடை கேட்கலாம்: நாமக்கல் முட்டைக்கோழிக்கும் பல்லடம் கறிக்கோழிக்கும் வேண்டிய சோயாப் புண்ணாக்கு மத்தியப் பிரதேசத்திலிருந்தும் மகாராஷ்டிரத்திலிருந்தும் வருகிறதே, அதை நாமே விளைவித்தால் என்ன? 2021இல் புண்ணாக்கு விலை தாறுமாறாக ஏறி, 12 லட்சம் டன் மரபணு மாற்றச் சோயாப் புண்ணாக்கை இறக்குமதி செய்ய மத்திய அரசே அனுமதி கொடுக்க வேண்டி வந்தது. அப்போது இந்தக் கேள்வி இன்னும் சத்தமாகக் கேட்டது. கேள்வி நியாயமானது. பதில் அவ்வளவு எளிதாக இல்லை.

மூன்று சந்தேகங்கள்

விதைத்த பதினெட்டாம் நாள் மாமா போன் செய்தார். செடி மஞ்சளாகிறது, மயில் வேறு தின்றுவிட்டது, என்ன உரம் போடுவது என்று மூன்றையும் ஒரே மூச்சில் சொன்னார். போய்ப் பார்த்தேன். வாய்க்கால் கரையோரம் மூன்று சால் (விதை வரிசை) நீளத்துக்கு மயில் வேலை செய்திருந்தது உண்மை. கால் தடம் கிடந்தது. முளையின் இரண்டு பருப்பும் கொத்தப்பட்டு மொட்டைத் தண்டு நின்றது. ஆனால் வயலின் நடுவிலும் அதே அளவு இடைவெளி இருந்தது. அங்கே கால் தடமும் இல்லை, மொட்டைத் தண்டும் இல்லை. மயில் ஒரு முளையைத் தின்றால் அடையாளம் விட்டுவிட்டுத்தான் போகும். கொங்கு நாட்டில் இப்போது எந்தப் பயிர் போனாலும் மயில்மேல் பழி போடுவது வழக்கமாகிவிட்டது. பாதி வழக்கில் அது குற்றவாளியும்தான். இந்த வழக்கில் அதற்குக் கரையோரம் மட்டும்தான் பங்கு.

சாலுக்குச் சால் 30 செ.மீ. இருந்தது. அப்படியானால் ஒரு சதுர மீட்டர் என்பது 3 மீட்டர் 33 செ.மீ. நீளமுள்ள ஒரு சால். அந்த நீளத்துக்கு ஒரு சணல் கயிறு வெட்டி, கண்ணை மூடிக்கொண்டு வீசிப் பத்து இடத்தில் சாலோடு சாலாகப் போட்டு எண்ணினோம். செடிக்குச் செடி 10 செ.மீ. என்றால் கயிற்றுக்கு 33 செடி இருக்க வேண்டும். குறைந்தது 11, அதிகம் 19, சராசரி 15. மாமா நம்பவில்லை; தானே இன்னும் இரண்டு இடத்தில் போட்டு எண்ணினார். 14, 16.

செடி இல்லாத இடத்தில் களைக்கொத்தின் நுனியால் மெல்ல மண்ணைக் கீறினேன். விதைத்தபின் விட்ட தண்ணீர் வடிந்து, மேல்மண் அப்பளம்போல் பொருக்குக் கட்டியிருந்தது. அந்தப் பொருக்கைத் தூக்கினால் அடியில் கொக்கிபோல் வளைந்த கழுத்து, மேலே வர முட்டி, முட்டி, ஒடிந்து பழுப்பாகிக் கிடந்தது. ஆள்காட்டி விரலை நுழைத்துப் பார்த்தேன். விதை இருந்த ஆழத்துக்கு இரண்டு கணு மறைந்தது, இரண்டு அங்குலம் இருக்கும். சோயாவுக்கு ஒரு அங்குலம் போதும். அது தன் இரண்டு பருப்பையும் தலையில் சுமந்துகொண்டுதான் வெளியே வர வேண்டும். மக்காச்சோளம் ஊசிபோல் குத்திக்கொண்டு வந்துவிடும். சோயாவுக்கு அந்த வசதி இல்லை. மாமா கடலை விதைக்கும் பழக்கத்தில், ஒன்பது கொத்துக் கலப்பையின் பின்னால் ஆழமாகவே போட்டிருந்தார்.

இன்னும் சில இடங்களில் கழுத்தே இல்லை. விதை அப்படியே ஊறி, பிசுபிசுத்து, அழுகிப்போயிருந்தது. வீட்டில் மீந்திருந்த விதையில் எண்ணி 100 எடுத்து, ஈரச் சாக்கில் பரப்பிச் சுருட்டி, நிழலில் வைத்தோம். ஒரு வாரம் கழித்து அத்தை பிரித்து எண்ணினார்: 58.

சோயா விதைக்குச் சான்றளிப்பில் கேட்கும் முளைப்புத் திறன் 70 விழுக்காடு. மற்றப் பயறுகளுக்குக் கேட்பதைவிட இது குறைவு. அதுவே இந்த விதையின் குணத்தைச் சொல்லிவிடுகிறது. தோல் மெல்லியது, முளைக்குருத்து தோலுக்கு ஒட்டிக் கீழேயே இருக்கிறது. லாரியிலிருந்து மூட்டையைத் தூக்கி எறிந்தாலே உள்ளே அடிபடும். வெப்பமும் காற்றின் ஈரமும் சேர்ந்தால் சில மாதத்தில் உயிர் போய்விடும். பார்வைக்கு மஞ்சளாக, பளபளப்பாக, அருமையான விதையாகவே இருக்கும்.

இனி கணக்கு. 100 விதை 12 கிராம் என்றால், ஏக்கருக்கு மாமா போட்ட 25 கிலோவில் சுமார் 2,08,000 விதை. அதில் 58 விழுக்காடு என்றால் 1,20,000. பொருக்கும் ஆழமும் அதில் பாதியை விழுங்கின. மிச்சம் 60,000. ஏக்கருக்கு 4,047 சதுர மீட்டர், வகுத்தால் 15. கயிறு சொன்ன எண்ணும் அதுதான்.

இடைவெளி விட்டால் செடி கிளை விட்டு ஈடுசெய்துகொள்ளும் என்று ஒரு வாதம் உண்டு. ஓரளவு உண்மை. ஆனால் சோயா பகல் நீளத்தைப் பார்த்துப் பூக்கும் பயிர். வடக்கே ஆனி, ஆடியின் நீண்ட பகலில் அது நிதானமாக வளர்ந்து, பிறகு பூக்கும். நம் தை மாதத்துப் பகல் பதினொன்றரை மணி நேரத்தைச் சுற்றித்தான். செடி முழங்கால் உயரத்துக்கே திணறும்போது பூ வந்துவிடும். குட்டைச் செடி இடத்தை நிரப்பாது. ஆகவே இங்கே எண்ணிக்கைதான் மகசூல். “செடி நன்றாக வந்தது” என்று மாமா சொன்னது, தனித்து நின்ற செடிகள் புதராகத் தெரிந்ததை வைத்து.

மூன்று மஞ்சள்

மஞ்சளைப் பற்றி ஊரில் ஒரே கருத்து: வைரஸ். வெள்ளை ஈ பரப்பும் மஞ்சள் தேமல் நோய் உளுந்திலும் பச்சைப்பயறிலும் பார்த்துப் பழகியதால், மஞ்சளாக எது தெரிந்தாலும் அதே பெயர். மாமா மருந்துக் கடைக்குப் போனபோது, கடைக்காரர் செடியைப் பார்க்காமலே பூச்சிமருந்தும் நுண்ணூட்டக் கலவையும் சேர்த்துக் கொடுத்துவிட்டார். இரண்டு முறை அடித்தாகிவிட்டது.

ஆனால் அந்த வயலில் மூன்று விதமான மஞ்சள் இருந்தது. சுண்ணாம்புக் காட்டு மூலையில் கொழுந்து இலை வெளிறி, நரம்பு மட்டும் பச்சைக் கோலம்போல் நின்றது. இது இரும்புச் சத்துக் குறை. மண்ணில் இரும்பு இல்லாமல் இல்லை. சுண்ணாம்பு அதைச் செடிக்கு எட்டாமல் பூட்டிவைத்திருக்கிறது. இங்கொன்றும் அங்கொன்றுமாக, விரல் விட்டு எண்ணக்கூடிய சில செடிகளில், பச்சை இலையில் பளிச்சென்ற மஞ்சள் திட்டுகள் ஒழுங்கில்லாமல் சிதறியிருந்தன. அதுதான் தேமல், பிடுங்கிப் புதைத்தோம். மீதி வயல் முழுக்க இருந்தது மூன்றாவது வகை: அடி இலையிலிருந்து தொடங்கி மொத்தச் செடியும் சோகை பிடித்ததுபோல் வெளிறியிருந்தது. தழைச்சத்துப் பசி, அதாவது நைட்ரஜன் பற்றாக்குறை. பயறுக் குடும்பத்துச் செடியின் வேர் முடிச்சில் குடியிருக்கும் நுண்ணுயிர் காற்றிலிருந்தே தழைச்சத்தை எடுத்துக் கொடுக்கும், ஆகவே அதற்குத் தழைச்சத்துப் பசி வரக் கூடாது. வந்தால் வேரைப் பார்க்க வேண்டும்.

வேரைப் பார்ப்பதற்குச் செடியைப் பிடுங்கக் கூடாது. பிடுங்கினால் முடிச்சுகள் மண்ணிலேயே அறுந்து நின்றுவிடும். ஒரு சாண் அகலத்துக்கு மண்ணோடு பெயர்த்து, வாளித் தண்ணீரில் வைத்து, மண் தானாகக் கரைந்து போகவிட வேண்டும். ஆறு செடி பார்த்தோம். நான்கில் ஒரு முடிச்சுகூட இல்லை. இரண்டில் கடுகளவு சில முடிச்சுகள். நகத்தால் நசுக்கினால் உள்ளே வெள்ளை. வேலை செய்யும் முடிச்சை அறுத்தால் உள்ளே மாதுளை முத்துபோல் சிவந்திருக்கும். நம் இரத்தத்தில் இருப்பதற்கு உறவான ஒரு சிவப்புப் பொருள் அதில் இருக்கிறது. வெள்ளை என்றால் அது சும்மா உட்கார்ந்து சாப்பிடுகிறது என்று பொருள்.

“உயிர் உரம் கலந்துதானே விதைத்தேன்?” என்றார் மாமா. காலிப் பையைத் தேடி எடுத்து வந்தார். பையில் நிலக்கடலைப் படம் போட்டிருந்தது.

உயிர் உரப் பையில் இருப்பது ரைசோபியம் என்னும் அந்த முடிச்சு நுண்ணுயிர். எல்லா ரைசோபியமும் ஒன்றல்ல. கடலைக்கும் தட்டைப்பயறுக்கும் வேண்டிய நுண்ணுயிர் நம் மண்ணில் தலைமுறை தலைமுறையாகவே இருக்கிறது. அதனால் பையில் உயிர் இல்லாவிட்டாலும் கடலை தப்பித்துவிடும். கலந்ததால் என்ன பயன் என்று விவசாயிக்கு ஒருபோதும் தெரியவும் வராது. சோயா இந்த மண்ணுக்குப் புதியது. அதற்கென்று உரிய வகை வேறு. அந்த வயலில் அது எப்போதும் இருந்ததில்லை. ஒருமுறை கொண்டுவந்து விட்டாலும், அடுத்த ஆண்டு நெல்லுக்கு மாதக்கணக்கில் தண்ணீர் நின்றால் எவ்வளவு மிஞ்சும் என்று நம்ப முடியாது. கீழ்பவானியின் முறைமாற்றத்தைப் பற்றி முன்பே சொன்னேனே, அது இங்கேதான் வந்து இடிக்கிறது. சோயா போடும் ஒவ்வொரு முறையும் சரியான பையை, உயிரோடு, கலந்தே ஆக வேண்டும்.

தழைச்சத்து எவ்வளவு வேண்டும் என்பதற்கு ஒரு சமையலறைக் கணக்கு போதும். சோயாவில் ஏறக்குறைய 40 விழுக்காடு புரதம். புரதத்தை 6.25ஆல் வகுத்தால் தழைச்சத்து: 6.4 விழுக்காடு. ஈரப்பதத்துக்குக் கழித்தாலும் ஒரு டன் சோயாவுக்குள் 60 கிலோ தழைச்சத்து உட்கார்ந்திருக்கிறது. 45 கிலோ யூரியா மூட்டையில் இருப்பது 21 கிலோவுக்குச் சற்றுக் குறைவு. ஆக, களத்துக்கு வரும் ஒவ்வொரு டன்னிலும் மூன்று மூட்டை யூரியாவுக்குச் சமமான சரக்கு போகிறது. இலையிலும் தண்டிலும் இருப்பது தனி. முடிச்சு வேலை செய்தால் இதில் பெரும்பங்கு காற்றிலிருந்து இலவசம்.

இங்கே என் தவறு ஒன்றையும் சொல்ல வேண்டும். மாமா மக்காச்சோளத்துக்குப் போடுவதுபோல் யூரியா தூவப்போவதாகச் சொன்னபோது, “சோயாவுக்கு மேலுரமாக யூரியா போடாதீர்கள் மாமா, முடிச்சு பிடிக்காது” என்று புத்தகத்தில் படித்ததை ஒப்பித்துவிட்டு வந்திருந்தேன். அவர் கேட்காமல் ஒரு மூட்டை தூவினார். முடிச்சே இல்லாத செடிக்கு அந்த யூரியாதான் கஞ்சி வார்த்தது. என் பேச்சைக் கேட்டிருந்தால் 570 கிலோவும் வந்திருக்காது. விதி சரிதான், முடிச்சு இருக்கிறதா என்று பார்த்துவிட்டுச் சொல்ல வேண்டிய விதி அது.

பத்து சென்டு

அடுத்த ஆண்டு அந்த வயலில் நெல். சோயாவுக்கு மறுபடி முறை வர ஓர் ஆண்டு காத்திருக்க வேண்டியிருந்தது. அந்த இடைவெளியை விதைக்குப் பயன்படுத்தினோம்; இந்த முயற்சியில் உருப்படியாக நடந்த காரியம் இதுதான் என்று நான் நினைக்கிறேன்.

பங்குனிக் கடைசியில் அறுத்த சோயாவை அடுத்த தைக்கு விதையாக வைத்தால் ஒன்பது மாதம். கோடை முழுவதும் தகர ஓட்டின்கீழ் வெந்து, ஐப்பசி மழையின் ஈரத்தில் ஊறி, உயிர் நிற்காது. மாறாக, புரட்டாசி தொடக்கத்தில் விதைத்தால் மார்கழியில் அறுக்கலாம்; தையில் விதைக்கும்போது விதைக்கு வயது ஒரு மாதம். சோயா விதைக்கு உறக்க காலம் என்று சொல்லும்படி இல்லை என்பதால் உடனே முளைக்கும். கிணற்றடியில் அத்தை கீரையும் கத்தரியும் போட்டிருந்த பத்து சென்டை இதற்குக் கேட்டோம். “கத்தரிக்காய்க்கு நான் சந்தைக்குப் போகவா கண்ணு?” என்றார். ஆனால் கொடுத்தார். கோவை வேளாண் பல்கலைக்கழகத்தின் கோ 3 ரகத்தில் சான்று விதை மூன்று கிலோ வாங்கி அங்கே விதைத்தோம். அறுத்த செடியைத் தார்ப்பாயில் பரப்பி, இயந்திரத்தில் விடாமல் தடியால் மெல்லத் தட்டினோம். இயந்திரத்தில் விதைக்காக அடிப்பதென்றால் நிமிடத்துக்கு 350, 400 சுற்றுக்கு மேல் போகக் கூடாது. வாடகைக்கு வருகிறவர் வேகத்தைக் குறைக்கச் சம்மதிக்க மாட்டார், அவருக்கு அடுத்த களம் காத்திருக்கிறது. கிடைத்தது 58 கிலோ. ஈரச் சாக்குச் சோதனையில் 100க்கு 86.

மார்கழி மழை ஒரு வாரம் நீண்டிருந்தால் இந்தக் கதை வேறாக முடிந்திருக்கும். முற்றிய காய் செடியில் நனைந்தால் விதைத் தரம் போய்விடும். பத்து சென்டு என்பதால் மழை வந்தாலும் அறுத்து வீட்டுத் திண்ணையில் போட்டுக் காயவைக்க முடியும் என்ற துணிவு இருந்தது. ஐந்து ஏக்கரில் இந்தத் துணிவு எனக்கு வந்திருக்காது.

இரண்டாம் தை

மாற்றியவை அதிகமில்லை. முதல் நனைப்புத் தண்ணீரைப் பாய்ச்சி, பதம் வந்ததும் உழுது, ஈர மண்ணில் விதைத்தோம், விதைத்துவிட்டுப் பாய்ச்சவில்லை. பொருக்குத் தொல்லை இதிலேயே பெரும்பாலும் தீர்ந்தது. டிராக்டர் விதைப்புக் கருவியில் ஆழத்தை ஓர் அங்குலத்துக்கு வைத்து, முதல் சாலின் முடிவில் நிறுத்தி, தோண்டிப் பார்த்து, மறுபடி சரிசெய்தோம். ஓட்டுநருக்குச் சலிப்புத்தான்.

விதைநேர்த்தியில் வரிசை தவறக் கூடாது. பூசண மருந்து முதல் நாள், நுண்ணுயிர் மறுநாள். இரண்டையும் ஒன்றாகக் கலந்தால் ஒன்றை ஒன்று கொல்ல ஏற்பாடு செய்ததாகும். அத்தை வடித்த கஞ்சியை ஆறவைத்து, சோயாவுக்கென்று அச்சிட்ட பையை, தேதி பார்த்து, கடையின் வெயில் படும் அலமாரியிலிருந்து அல்லாமல் உள்ளறைப் பெட்டியிலிருந்து கேட்டு வாங்கி, அதில் குழைத்தோம். தார்ப்பாயில் விதையைப் பரப்பிக் கஞ்சியை ஊற்றிக் கையால் புரட்டினால் ஒவ்வொரு விதையும் கருஞ்சாந்து பூசியதுபோல் ஆகும். விதையின் தோல் உரிந்துவிடாமல் மெல்லப் புரட்ட வேண்டும். அரை மணி நேரம் வேப்ப மர நிழலில் உலர்த்தி, அன்று காலையிலேயே விதைத்துவிட்டோம். நடுவில் எட்டுச் சாலுக்கு மட்டும் நுண்ணுயிர் கலக்காத விதை. “அந்த எட்டுச் சாலை ஏன் பட்டினி போடுகிறீர்கள்?” என்று கேட்ட மாமாவுக்கு மனமில்லை. ஒப்பிட்டுப் பார்க்க ஏதாவது வேண்டும் என்று கெஞ்சி ஒப்புக்கொள்ள வைத்தேன்.

உரம்: பரிந்துரை ஏக்கருக்கு 8 கிலோ தழைச்சத்து, 32 கிலோ மணிச்சத்து (பாஸ்பரஸ்), 16 கிலோ சாம்பல்சத்து (பொட்டாஷ்), கூடவே கந்தகத்துக்கு ஜிப்சம். மணிச்சத்தை டி.ஏ.பி.யாகப் போடாமல் நான்கு மூட்டை சூப்பர் பாஸ்பேட்டாகப் போட்டால் கந்தகமும் அதிலேயே வந்துவிடுகிறது. ஜிப்சம் தனியாக வாங்கவில்லை. சுண்ணாம்புக் காட்டு மூலைக்கு மட்டும் 10 லிட்டர் தண்ணீருக்கு 50 கிராம் இரும்பு சல்பேட்டும் கொஞ்சம் எலுமிச்சை உப்பும் கரைத்து, மாலை வேளையில் பத்து நாள் இடைவெளியில் இரண்டு முறை தெளித்தோம். களை இரண்டு முறை எடுத்தோம். பூக்கும் முன் டி.ஏ.பி. கரைசல் தெளித்தது வழக்கமான வேலைதான்.

பன்னிரண்டாம் நாள் கயிற்றை எடுத்துக்கொண்டு போனோம். இந்த முறை மாமாவே வீசினார். 27 முதல் 34 வரை, சராசரி 31.

முப்பதாம் நாள் அந்த எட்டுச் சால் வரப்பிலிருந்தே தெரிந்தது. கரும்பச்சைக்கு நடுவில் வெளிர் பட்டை, பாய்க்கு நடுவில் நிறம் போன கோரைபோல். நுண்ணுயிர் கலந்த செடியின் ஆணிவேரில் மட்டும் பத்து, பன்னிரண்டு முடிச்சு. மாமா ஒன்றை நகத்தால் கீறி, விரலில் ஒட்டிய சிவப்பைப் பார்த்துவிட்டு, பக்கத்துக் காட்டுக்காரரைக் கூப்பிட்டுக் காட்டினார். கலக்காத சாலின் ஓரத்துச் செடிகளிலும் சில முடிச்சு இருந்தது. பாசனத் தண்ணீரோடு போயிருக்க வேண்டும். எட்டுச் சாலையும் தனியாக அறுத்து, தனியாக அடித்து, அதே நீளமுள்ள பக்கத்து எட்டுச் சாலோடு எடை பார்த்தபோது, மூன்றில் இரண்டு பங்குதான் இருந்தது.

மொத்தம் இரண்டு ஏக்கரில் 1,240 கிலோ. முதல் முறையைப்போல் இரண்டு மடங்குக்குச் சற்று மேல். ஒரே வயல், இரண்டு பருவம். வெயிலும் காற்றும் இரண்டு ஆண்டும் ஒன்றல்ல. இரட்டிப்பு முழுவதையும் எங்கள் கெட்டிக்காரத்தனத்தின் கணக்கில் எழுதிக்கொள்ள நான் துணிய மாட்டேன். எட்டுச் சாலின் வித்தியாசத்தை மட்டும் நம்புகிறேன். அது ஒரே வெயிலில் நின்றது.

இன்னும் கொஞ்சம் வந்திருக்கும். இலை எல்லாம் உதிர்ந்து காய் பழுப்பானதும் அறுத்துவிட வேண்டும். ஆள் கிடைக்காமல் ஆறு நாள் தள்ளிப்போனது. பங்குனி கடைசி வெயிலில் காய் வெடிக்கும் சத்தம் மத்தியானத்தில் காதில் கேட்டது. அறுத்தபின் அதே கயிற்றைப் போட்டுத் தரையில் கிடந்ததை எண்ணினோம்: சதுர மீட்டருக்கு 75 விதை. 9 கிராம். ஏக்கருக்கு 36 கிலோ. அதைக் காடைகளும் மயில்களும் எடுத்துக்கொண்டன.

யாரிடம் விற்பது

கொங்கு நாட்டில் சோயாவுக்கு இவ்வளவு பசி இருக்கும்போது 12 குவிண்டாலை விற்பது ஒரு பிரச்சினையா என்று கேட்கலாம். பிரச்சினைதான். கோழித் தீவன ஆலை வாங்குவது புண்ணாக்கு, சோயா அல்ல. பச்சைச் சோயாவில் செரிமானத்தைத் தடுக்கும் பொருள் இருக்கிறது. வேகவைக்காமல் கோழிக்குப் போட முடியாது. எண்ணெய் ஆலைக்குப் போகலாமென்றால், காங்கேயத்துச் செக்கும் எக்ஸ்பெல்லரும் தேங்காய்ப் பருப்புக்கும் கடலைக்கும் பழகியவை. கடலையில் பாதிக்குச் சற்றுக் குறைவாக எண்ணெய்; சோயாவில் 18 முதல் 20 விழுக்காடு. அதைப் பிழிந்தால் முழுவதும் வராது, நன்றாக எடுக்கக் கரைப்பான் ஊற்றி எடுக்கும் பெரிய ஆலை வேண்டும். அந்த ஆலைகள் விளைச்சல் குவியும் வடக்கே இருக்கின்றன. அரசின் ஆதரவு விலை 2025-26க்குக் குவிண்டாலுக்கு 5,328 ரூபாய் என்று அறிவிப்பு இருந்தது. அந்த விலைக்கு வீட்டு வாசலில் வந்து எடுக்க ஆள் இல்லாதபோது அது செய்தித்தாளில் படிக்கும் விலை.

முதல் ஆண்டு 570 கிலோவை ஒரு தரகர் ஆதரவு விலைக்கு வெகு கீழே எடுத்துப் போனார். இரண்டாம் முறை, சோயாவை எண்ணெய் எடுக்காமல் வேகவைத்து அரைத்துத் தீவனமாக்கும் ஒரு சிறிய ஆலையைத் தேடிப் பிடித்தோம். அவர்கள் கேட்டது ஒரு லாரி. எங்களிடம் இருந்தது ஒரு குட்டியானை வண்டிக்கான சரக்கு. கடைசியில் வண்டி வாடகையை நாமே ஏற்றுக்கொண்டு கொடுத்தோம். இரண்டு மூட்டையை அத்தை மாட்டுக்கென்று நிறுத்திக்கொண்டார். வறுத்து உடைத்துப் பருத்திக்கொட்டையோடு சேர்த்து வைக்கிறார். பச்சையாக வைக்கக் கூடாது, யூரியா கலந்த தீவனத்தோடு பச்சைச் சோயா சேர்ந்தால் மாட்டுக்கு விஷமாகும் என்று இரண்டு முறை சொல்லிவிட்டு வந்தேன். “ஒருமுறை சொன்னாலே போதும் கண்ணு” என்றார்.

ஆகவே, மகசூலை இரட்டிக்க முடியும் என்று தெரிந்தபின்னும், இரண்டு ஏக்கரையும் மறுபடி சோயாவுக்குக் கொடுங்கள் என்று மாமாவிடம் நான் சொல்லவில்லை. அந்த வாய்க்காலின் கீழ் பத்துப் பேர் சேர்ந்து ஒரு லாரிச் சரக்கு உறுதியானால் பேசலாம். பத்துப் பேருக்கு ஏக்கருக்கு 28 கிலோ வீதம் உயிருள்ள விதை வேண்டும். அதற்குப் பத்துக் கிணற்றடியில் பத்துப் பத்து சென்டு வேண்டும்.

இந்தப் புரட்டாசிக்கு மூன்று வீட்டில் விதைத்திருக்கிறார்கள். மாமா அடுத்த முறைக்கு ஓர் ஏக்கர் சோயா, ஓர் ஏக்கர் எள் என்று முடிவு செய்திருக்கிறார். சணல் கயிறு மோட்டார் அறையின் ஆணியில் தொங்குகிறது. கத்தரிக்காய் சந்தையிலிருந்து வருகிறது.